வயரா, வயர்லெஸ்ஸா: சிமெண்டு பூசும் முன் ஒரு முடிவு

தங்கை கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் ஒரு பழைய இரண்டு மாடி வரிசை வீட்டை வாங்கி, மூன்று மாதமாகச் சுவரை உடைத்துக்கொண்டிருக்கிறாள். போன சனிக்கிழமை எட்டிப் பார்த்தபோது மாப்பிள்ளை கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். வயரில்லாத திருட்டு அலாரம்: ஒரு வெள்ளைப் பெட்டி, நான்கு சென்சார், ஒரு ரிமோட். ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம், இருபக்க டேப் போதும் என்றது விளம்பரம். ஏணியில் நின்றிருந்த வயர்மேன் மாமா காதில் அது விழுந்துவிட்டது. கீழே இறங்காமலே சொன்னார்: “தம்பி, சுவர் இப்ப திறந்து கெடக்கு. அடுத்த வாரம் சிமெண்டு பூசிடுவாங்க. பூசின பிறகு வயர் இழுக்கணும்னு என்னைக் கூப்பிடாதீங்க, நான் வரமாட்டேன்.”

அன்றிலிருந்து மாப்பிள்ளை தினமும் ஒரு லிங்க் அனுப்புகிறார். “மச்சான், இது எப்படி?” “மச்சான், இதுக்கு ஸ்டார் நிறைய இருக்கு.” ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய்த்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன். நான் அலாரம் விற்பவன் இல்லை. கெப்போங்கில் என் வீட்டில் 11 வருடமாக வயர் அலாரம் ஓடுகிறது. வங்சா மாஜூவில் அம்மா குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் நான்கு வருடமாக வயர்லெஸ். இரண்டும் என்னை நடுராத்திரியில் எழுப்பியிருக்கின்றன. இரண்டின் மூடியையும் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறேன்.

எது நல்லது என்று மொட்டையாகக் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. உங்கள் சுவர் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, வீட்டில் பேட்டரி மாற்ற ஆள் இருக்கிறதா, நீங்கள் ஊரில் இல்லாதபோது மின்சாரம் போனால் என்ன ஆகும், இந்த மூன்றும் தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

வயர் அலாரத்தின் உள்ளே

வயர் அலாரம் ரொம்ப எளிமையான சாமான். ஸ்டோர் அறையில் ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் பேனல் என்கிற சர்க்யூட் போர்டு, மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி ஒன்று. அங்கிருந்து ஒவ்வொரு கதவுக்கும், ஒவ்வொரு அசைவு சென்சாருக்கும், கீபேடுக்கும், சைரனுக்கும் தனித்தனியாகக் கேபிள் ஓடும். ஒரு சென்சாரிலிருந்து அடுத்ததற்குத் தொடுத்துக்கொண்டே போனால் கேபிள் மிச்சமாகும்தான். ஆனால் கோளாறு வரும்போது எந்த அறையில் என்று தெரியாமல் வீடு முழுக்க ஏணி போட வேண்டிவரும். தனித்தனியாக இழுக்கச் சொல்லுங்கள்.

கதவில் வைப்பது காந்த சுவிட்ச். கதவுப் பலகையில் காந்தம், நிலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள். கதவு மூடியிருக்கும்வரை காந்தத்தின் இழுப்பில் தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், மின்சாரம் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். கதவு திறந்தால் தகடுகள் பிரியும், ஓட்டம் நிற்கும், பேனல் கத்தும். வயரை யாராவது வெட்டினாலும் ஓட்டம் நிற்கும் என்பதால் அதற்கும் கத்தும். வெட்டுகிறவன் தானாகவே மாட்டிக்கொள்கிறான்.

சரி, வெட்டாமல் இரண்டு வயரின் தோலையும் உரித்து ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால்? ஓட்டம் நிற்கவே நிற்காது. கதவை அகலத் திறந்து வைத்தாலும் பேனலுக்கு அது மூடிய கதவுதான். இந்த ஓட்டையை அடைக்கத்தான் கேபிளின் கடைசி முனையில் ஒரு ரெசிஸ்டர், அதாவது குறிப்பிட்ட அளவு மின்தடை தரும் குட்டிச் சாமான், வைக்கிறார்கள். டி.எஸ்.சி. கம்பெனிப் பேனல் என்றால் 5.6 கிலோ ஓம், பாரடாக்ஸ் என்றால் 1 கிலோ ஓம். பேனல் அந்தக் குறிப்பிட்ட அளவையே எப்போதும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். அளவு எல்லையின்றி ஏறினால் வயர் அறுந்தது அல்லது கதவு திறந்தது. பூஜ்யமானால் யாரோ முறுக்கிவிட்டார்கள். இதைவிட மலிவான காவல்காரன் கிடையாது, சில காசுதான் விலை.

இதில்தான் பலர் வீட்டில் கோட்டை விடுகிறார்கள். ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடம் சென்சாருக்குள், கேபிளின் அந்தக் கோடியில். ஏணி ஏறி ஒவ்வொரு சென்சாரையும் திறந்து வைப்பது வேலை அல்லவா? அதனால் பொருத்த வருகிறவர்கள் சிலர் எல்லா ரெசிஸ்டரையும் பேனல் பெட்டிக்குள்ளேயே முறுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். பேனலும் பச்சை விளக்கு காட்டும், கீபேடும் ‘தயார்’ என்னும். ஆனால் வழியில் எங்கே வயரை முறுக்கினாலும் பெட்டிக்குள் இருக்கும் ரெசிஸ்டரின் அளவு மாறாமல் அப்படியே தெரியும். வைத்தும் பயனில்லை. பேனல் தனியாகக் கவனிக்கும் ஒவ்வொரு கேபிள் வழியும் ஒரு ஸோன். என் வீட்டில் எட்டு ஸோனில் ஆறு ஸோனுக்கு இப்படித்தான் செய்து வைத்திருந்தார்கள். ஏழு வருடம் கழித்து பேட்டரி மாற்றப் பெட்டியைத் திறந்தபோதுதான் கண்டேன். பச்சை, நீலம், சிவப்பு வளையம் போட்ட ஆறு குட்டி ரெசிஸ்டர்கள், கடையில் வாங்கிய முனை வெட்டாமல், கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஆகவே வேலை முடிந்ததும் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன், ஏதாவது ஒரு சென்சாரின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே வளையம் போட்ட அந்தக் குட்டிச் சாமான் இருக்கிறதா என்று பாருங்கள்.

அசைவு சென்சாரை எல்லாரும் பி.ஐ.ஆர். என்றே சொல்கிறோம். அதற்கு ஆறு கோர் கேபிள், அதாவது உள்ளே ஆறு கம்பி உள்ளது, கேளுங்கள். இரண்டு 12 வோல்ட்டுக்கு, இரண்டு அலாரத்துக்கு, மீதி இரண்டு டேம்பருக்கு. டேம்பர் என்பது மூடியைத் திறந்தால் சொல்லிக்கொடுக்கும் சின்ன சுவிட்ச். அலாரம் அணைந்திருக்கும் பகல் நேரத்திலும் அது விழித்திருக்கும். நான்கு கோர் போட்டால் டேம்பருக்கு வயர் மிஞ்சாது. மீட்டருக்குச் சில காசு மிச்சம் பார்க்கும் இடம் இதுவல்ல.

சைரன் விஷயத்தில் கணக்கு வேறு. அலாரக் கேபிளின் ஒரு கோர் பெரும்பாலும் 0.22 சதுர மில்லிமீட்டர்தான். அதில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.08 ஓம் தடை. ஸ்டோர் அறையிலிருந்து முன் போர்ச்சுக்கு 30 மீட்டர் என்றால், போக வர 60 மீட்டர், 4.7 ஓம். பி.ஐ.ஆர். இழுப்பது 20 மில்லி ஆம்பியர் என்றால் வழியில் தொலைவது 0.1 வோல்ட்கூட இல்லை, கவலை வேண்டாம். அதே கேபிளில் ஒரு ஆம்பியர் இழுக்கும் வெளிச் சைரனை மாட்டினால் 4.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் கேட்கும் சைரனுக்கு ஏழு வோல்ட் சொச்சம்தான் போய்ச் சேரும். அலறவேண்டியது முனகும். சைரனுக்குத் தனியாகத் தடித்த வயர் இழுக்க வேண்டும், அல்லது தனக்கென்று உள்ளேயே பேட்டரி வைத்திருக்கும் சைரனாக வாங்க வேண்டும். இரண்டாவதைத்தான் நான் சொல்வேன். அதன் வயரை அறுத்தாலும் அது பாட்டுக்குக் கத்தும்.

வயரின் எதிரிகள் எல்லாம் சீலிங்குக்கு மேலே இருக்கிறார்கள். எலி கடிக்கும். இணைப்பை முறுக்கி வெறும் டேப் சுற்றியிருந்தால் நம்ம ஊர் ஈரக் காற்றில் செம்பு பச்சை பூத்து, மழை நாளில் மட்டும் ஒரு ஸோன் காரணமில்லாமல் திறந்து திறந்து மூடும். என் வீட்டுச் சமையலறைக் கதவு இரண்டு மழைக்காலம் அப்படி விளையாட்டுக் காட்டியது. கடைசியில் பார்த்தால் நடுவழியில் ஒரு முறுக்கு இணைப்பு. பி.வி.சி. பைப்புக்குள், நடுவில் ஒட்டுப்போடாமல், ஒரே துண்டாக இழுப்பதுதான் ஒழுங்கு. 230 வோல்ட் வயரோடு ஒரே பைப்பில் போடக் கூடாது என்பதை வயர்மேன் மாமாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அவரே எனக்குச் சொன்னது அது.

இடியும் ஊருக்குப் போகும் பழக்கமும்

வயரின் பெரிய பலவீனம் எலி இல்லை, இடி. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகத்திலேயே இடி மின்னல் அதிகமான பகுதிகளில் ஒன்று. மின்னல் வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்றில்லை. பக்கத்துத் தெருவில் விழுந்தாலும் நீளமான செம்பு வயர்களில் ஒரு கணம் மின்னழுத்தம் எகிறும். வீட்டுக்குள் ஓடும் கேபிளைவிட ஆட்டோகேட்டுக்கும் வேலிக்கும் மண்ணுக்கடியில் போகிற கேபிள்தான் ஆபத்து. பேனலில் இரண்டு ஸோன் கருகிப்போனது எனக்கு அப்படித்தான், கேட்டிலிருந்து வந்த வயர் வழியாக. இப்போது கேட்டில் வயர்லெஸ் சென்சார், பேனலுக்கும் கேட்டுக்கும் செம்பு உறவே கிடையாது. வயரில்லாத முறைக்கு நான் யோசிக்காமல் மதிப்பெண் போடும் இடம் இது.

அடுத்தது ஈ.எல்.சி.பி., மின்கசிவு வந்தால் வீட்டு மின்சாரத்தையே துண்டிக்கும் சுவிட்ச். இன்று பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்று எழுதியிருந்தாலும் நம் வாயில் அது ஈ.எல்.சி.பி.தான். இடி இடித்தால் சில வீடுகளில் அது படக்கென்று விழுந்துவிடும். நீங்கள் வீட்டில் இருந்தால் எழுந்து போய்த் தூக்கிவிடுவீர்கள். தீபாவளிக்கு ஈப்போ போயிருந்தால்? ஒரு தீபாவளிக்கு நான் போயிருந்தேன். முதல் நாள் மாலையே விழுந்திருக்கிறது. நான்காம் நாள் கதவைத் திறந்தபோது குளிர்பெட்டியில் மீன் நாறியது, அலாரம் செத்துக் கிடந்தது.

கணக்கைப் பாருங்கள். பேனல், கீபேட், ஆறு பி.ஐ.ஆர். எல்லாம் சேர்ந்து 300 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 7 ஆம்பியர்-மணி பேட்டரி தாளில் 23 மணி நேரம் தாங்க வேண்டும். புதிதாக இருக்கும்போது அதற்குக் கொஞ்சம் குறையத் தாங்கும். ஆனால் ஈய அமில பேட்டரிக்கு 25 டிகிரி வெப்பம்தான் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். ஜன்னல் இல்லாத நம் ஸ்டோர் அறைகள் எத்தனை டிகிரி என்று உள்ளே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐந்து வருடம் உழைக்கும் என்று நினைத்தது மூன்றாவது வருடத்தில் வெறும் கனமாக நிற்கும். பேட்டரி விலை ஐம்பதிலிருந்து எண்பது வெள்ளிதான் (ரிங்கிட்), மாற்ற வேண்டும் என்கிற ஞாபகம் வராததுதான் சிக்கல். பேட்டரி மேலேயே மார்க்கரால் தேதி எழுதி வையுங்கள்.

இன்னொன்று, இது நம் வீட்டுப் பழக்கம். ஊருக்குக் கிளம்பும்போது அம்மா வீடு முழுக்கச் சுற்றி ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டு வருவார். அலாரத்தின் பிளக் சாதாரண சாக்கெட்டில் இருந்தால் அதுவும் அணைந்துவிடும். பூட்டிவிட்டு, ‘அலாரம் போட்டாச்சு’ என்ற நிம்மதியோடு காரில் ஏறுவோம். அடுத்த நாள் மதியம் அது தூங்கிவிடும். ஆகவே பேனலுக்குச் சுவிட்ச் இல்லாத ஃபியூஸ் இணைப்பாகப் போடச் சொல்லுங்கள். டி.பி. பெட்டியில், அதாவது வீட்டு மின்சாரம் பிரியும் பெட்டியில், அதற்குத் தனி வழி பிரிக்க முடியுமா என்றும் கேளுங்கள். இந்த 230 வோல்ட் வேலை மட்டும் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிந்த வயர்மேனுடையது, யூடியூப் பார்த்து நாம் செய்வதல்ல. கூடவே, மின்சாரம் போனால் கைப்பேசிக்குச் செய்தி வரும் வசதியை முடுக்கிவிடுங்கள். பல பேனல்களில் அது இருக்கிறது, யாரும் போடுவதில்லை.

வயர்லெஸ்: எது வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

மாப்பிள்ளை அனுப்பிய லிங்குகளில் பாதிக்கு மேல் 433 மெகாஹெர்ட்ஸ் ரகம். அந்த அலைவரிசை கெட்டதில்லை, சுவரைத் தாண்ட வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸைவிடக் கெட்டி. சிக்கல் அதில் பேசும் பேச்சில் இருக்கிறது. மலிவான சென்சார்களில் ஈ.வி.1527 மாதிரியான ஒரு சிப் இருக்கும். அதற்கு ஒரே ஓர் அடையாள எண், 20 பிட், எப்போதும் மாறாதது. கதவு திறந்தால் அதையே சொல்லும், ரிமோட்டில் ‘அணை’ அழுத்தினாலும் அப்படி ஒரு மாறாத எண்தான் காற்றில் போகும். வெளியே நின்று ஒருமுறை பதிவு செய்துகொண்டால் மறுநாள் அதையே திருப்பி ஒலிபரப்பி அலாரத்தை அணைக்கலாம். பூட்டுக்குச் சாவி செய்து வாசலிலேயே தொங்கவிடுகிற மாதிரி. அதோடு இது ஒருவழிப் பேச்சு. சென்சார் சொன்னது ஹப் என்கிற நடுப்பெட்டியின் காதில் விழுந்ததா என்று சென்சாருக்குத் தெரியாது. சென்சார் பேட்டரி செத்துக் கிடந்தால் ஹப்புக்குத் தெரியாது. இந்த ரகத்தைத் தொட வேண்டாம்.

வாங்குவதானால் இருவழிப் பேச்சும், மறையாக்கமும் (என்கிரிப்ஷன்) உள்ளது வேண்டும். கடையில் கேட்க ஒரே கேள்வி போதும்: “ஒரு சென்சாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டால், அது காணோம் என்று எவ்வளவு நேரத்தில் எனக்குச் சொல்லும்?” விற்கிறவர் திருதிருவென்று விழித்தால் அடுத்த கடைக்குப் போகலாம். அஜாக்ஸ், ஹிக்விஷன் ஏ.எக்ஸ். ப்ரோ போன்றவை இந்தச் சோதனையில் தேறும். விலையும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும். எந்தப் பெயராக இருந்தாலும் நம் நாட்டுத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி.யின் சான்று ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், ரேடியோ சாதனங்களுக்கு அது வேண்டும்.

வைஃபை சென்சார் என்று தனியாக ஒன்று விற்கிறார்கள், ஹப்பே வேண்டாமாம். அடுக்குமாடியில் என் அம்மா வீட்டில் நின்று கைப்பேசியில் பார்த்தால் முப்பது பேர் வீட்டு வைஃபை பெயர் தெரிகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான். அந்தச் சந்தைக்குள் ஒரு சின்ன பேட்டரி சாமான் ‘திருடன், திருடன்’ என்று கத்தி யாருக்குக் கேட்கப்போகிறது? ரௌட்டர் அணைந்தால் அத்தனையும் ஊமை. வேண்டாம்.

வயர்லெஸ் சென்சாரில் இருப்பது பெரும்பாலும் சி.ஆர்.123ஏ லித்தியம் பேட்டரி, 3 வோல்ட். ஒன்று பத்துப் பதினைந்து வெள்ளி. அம்மா வீட்டில் மொத்தம் ஐந்து சென்சார், அதனால் கவலையில்லை. தங்கை வீட்டில் கதவு, ஜன்னல், மாடி என்று எண்ணிப் பார்த்தால் பதினாறு இடம் வருகிறது. பதினாறும் ஒரே நாளில் தீராது, முறைவைத்துத் தீரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏதோ ஒன்று பேட்டரி கேட்கும். பேட்டரியைச் சேமிக்க பல வயர்லெஸ் பி.ஐ.ஆர்.கள் ஒருமுறை அசைவைச் சொன்ன பிறகு சில நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளும். ஆள் நடமாடும் ஹாலில் வைத்துச் சோதித்துப் பார்த்து, “இது வேலை செய்யலையே” என்று நான் ஏமாந்திருக்கிறேன்.

இருபக்க டேப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேற்கு வெயில் படும் அலுமினிய நிலையில் அது எட்டு மாதம் தாங்கியது. ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்குக் காந்தம் கழன்று கீழே விழுந்தது. காந்தம் விலகினால் கதவு திறந்ததாகத்தானே அர்த்தம்? சைரன் அலற, அம்மா நடுங்கிப்போய் எனக்குப் போன் செய்ய, நான் கெப்போங்கிலிருந்து பனியனோடு காரை எடுத்துக்கொண்டு ஓட, பாதுகாவலர் கீழே வழிமறிக்க... இப்போது எல்லாவற்றிலும் திருகாணி.

இரும்புக் கதவு என்றால் இரண்டு முறைக்கும் தொல்லை உண்டு. இரும்பு காந்தத்தின் வலுவை உறிஞ்சிக்கொள்ளும், அதற்கென்று இடைவெளி அதிகம் தாங்கும் பெரிய காந்த சுவிட்ச் வாங்க வேண்டும். வயர்லெஸ்ஸில் ரேடியோவும் சேர்ந்து தடுமாறும். ஹப்பை டி.பி. பெட்டிக்குப் பக்கத்திலோ இரும்பு அலமாரிக்குள்ளோ ஒளித்து வைக்காமல் வீட்டின் நடுவில், மாடிப்படிக்கு மேலே வைத்தால் நன்றாகக் கேட்கும்.

வயரானாலும் இல்லாவிட்டாலும் பி.ஐ.ஆரை ஜன்னல் வெயிலுக்கும் ஏர்கான் காற்றுக்கும் எதிரே வைக்காதீர்கள். அது பார்ப்பது வெப்பத்தின் அசைவை. உடம்பின் சூடும் அறையின் சூடும் நெருங்கிவிட்டால் அதன் கண் மங்கும், மதிய வேளையில் மூடிக்கிடக்கும் மாடி அறையில் இது நடக்கும். நேராகத் தன்னை நோக்கி வருகிறவனைவிடக் குறுக்கே நடப்பவனை அது எளிதில் பிடிக்கும் என்பதால் கதவுக்கு எதிரே வைக்காமல் பக்கச் சுவர் மூலையில் வையுங்கள். பூஜையறை விளக்கைப் பார்த்தபடி வைக்க வேண்டாம். பல்லி ஏறி முகத்தில் உட்கார்ந்தால் இரண்டு ரகமும் ஒரே மாதிரிதான் அலறும்.

செய்தி வெளியே போகும் வழி

அலாரம் கத்துவது அக்கம்பக்கத்துக்கு. உங்களுக்குச் சொல்ல வேறு வழி வேண்டும். பழைய பேனல்கள் வீட்டுத் தொலைபேசிச் செம்பு லைனில் பேசின. வீட்டுக்கு ஃபைபர் வந்துவிட்டால் அந்த லைன் மோடம் வழியாகத்தான், மின்சாரம் போனால் அதுவும் போகும். இடையில் 3ஜி சிம் போட்ட பெட்டிகள் வந்தன. மலேசியாவில் 2021 இறுதியோடு 3ஜி நிறுத்தப்பட்டதும் அவை ஊமையாகிவிட்டன. அலாரம் வேலை செய்கிறது என்று நம்பிக்கொண்டு இன்னும் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். ஃபைபர் ஒன்று, 4ஜி சிம் ஒன்று என இரண்டு வழியும் உள்ள பேனலாக எடுங்கள். மோடத்துக்கும் ரௌட்டருக்கும் ஒரு சின்ன யு.பி.எஸ். வையுங்கள், மறக்க வேண்டாம்.

கேமராவைப் பற்றி மாப்பிள்ளைக்குச் சந்தேகமே வரக்கூடாது. சுவர் திறந்திருக்கும்போது கேமராவுக்கு நெட்வொர்க் கேபிள்தான். பி.ஓ.இ. என்கிற முறையில் ஒரே கேபிளில் படமும் மின்சாரமும் போகும், 100 மீட்டர்வரை. அடிப்படைத் தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், வீட்டுக் கேமராவுக்குத் தாராளம். கேமராவுக்குப் பக்கத்தில் தனி பிளக் தேவையில்லை, ரெக்கார்டர் பக்கம் ஒரு யு.பி.எஸ். வைத்தால் எல்லாக் கேமராவும் சேர்ந்து பிழைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: முழுச் செம்புக் கேபிள் கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது பாதி விலையில் கிடைக்கும், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், தடை அதிகம். முனையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும்.

யாருக்கு எது

அம்மா வீடு மாதிரி அடுக்குமாடி என்றால் வயர்லெஸ்தான், யோசிக்கவே வேண்டாம். உள்ளே வர ஒரு வாசல், ஒரு பால்கனி. சுவரைக் கொத்த மேனேஜ்மெண்டிடம் அனுமதி, தூசி, கீழ்வீட்டுக்காரர் புகார், இவ்வளவும் ஐந்து சென்சாருக்கா? வாடகை வீட்டுக்கும் அதே பதில், வீடு மாறும்போது கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாம். பினாங்கில் ஜார்ஜ் டவுன் பக்கம் என் நண்பர் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஒரு கடைவீட்டில் இருக்கிறார், 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதிக்குள். சுண்ணாம்புச் சுவர், மரத்தளம், நினைத்தபடி கொத்தக் கூடாத கட்டடம். அங்கேயும் வயர்லெஸ்தான்.

பழைய அலாரம் இருக்கும் வீட்டை வாங்கியவர்கள் அவசரப்பட்டு வயரைப் பிடுங்கிவிடாதீர்கள். பெட்டியும் சென்சாரும் கெட்டிருக்கலாம், சுவருக்குள் இருக்கும் செம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு கேபிளாகப் பார்த்து, எது எங்கே போகிறது என்று சீட்டு ஒட்டி, புதுப் பேனலில் மாட்டலாம். வயர் போகாத இடத்துக்கு வயர்லெஸ் ரிசீவர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். கலப்பு முறை என்கிறார்கள். கெப்போங்கில் இப்போது நான் வைத்திருப்பதும் அதுதான், கேட்டும் மாடி பால்கனியும் வயர்லெஸ், மற்றதெல்லாம் வயர்.

தங்கை வீட்டுக்கு? சுவர் திறந்திருக்கிறது. மறுபடி கிடைக்காத வாய்ப்பு அது. மாப்பிள்ளைக்கு இரண்டு பிள்ளைகள், இரவு ஷிப்ட் வேலை, அவர் பதினாறு சென்சாருக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டு இருக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கீழ்த்தளக் கதவுகள், ஜன்னல்கள், ஹால், மாடிப்படி, கீபேட், சைரன் எல்லாவற்றுக்கும் வயர். கேட்டுக்கு மட்டும் வயர்லெஸ், இடிக்காக. கையில் பணம் இல்லையென்றால் சென்சாரைப் பிறகு வாங்கலாம், வயரை இப்போதே இழுத்து முனையை மூடி போட்ட பெட்டிக்குள் சுருட்டி விட்டுவிடலாம். கேபிளுக்கு ஆகும் செலவு, பூசிய சுவரை மறுபடி கொத்துவதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “அப்ப அந்த ஸ்டார் நிறைய இருந்தது, மச்சான்?” என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார். பிறகு அவரே போய் மாமாவிடம் ஆறு கோர் கேபிள் இரண்டு சுருள் சொல்லிவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை மாலை பைப் எல்லாம் சுவருக்குள் இறங்கிவிட்டன. புதன் காலை சிமெண்டுக்காரர் வருவதற்கு முன் தங்கை அறை அறையாகப் போய், ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பைத் தரையிலிருந்து நீட்டிப் பிடித்துக்கொண்டு, எந்தப் பைப் எந்த உயரத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று படம் எடுத்திருக்கிறாள். நாற்பத்து மூன்று படம். நாளைக்கு யாராவது சாமி படம் மாட்ட ஆணி அடிக்கும் முன் அதைப் பார்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டுமாம்.